ரத்தப் பரிசோதனை ‘நார்மல்’... ஆனாலும் குழந்தைக்குப் பிரச்சினை ஏன்? குரோமோசோம் ‘மொசைக்’ குறைபாடு - முழு விளக்கம்

ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் ஆறு மாதக் குழந்தை. தூக்கினால் ஈரத்துணி மாதிரி தொய்கிறது. கழுத்து இன்னும் நிற்கவில்லை. பால் குடிக்கவே திணறுகிறது. நெற்றியின் இரண்டு ஓரங்களிலும் முடியே இல்லை. “வளர வளர சரியாயிடும்” என்கிறார்கள் வீட்டில் உள்ள பெரியவர்கள்.

கிராம சுகாதார செவிலியர் சொன்னதால் அம்மாவும் அப்பாவும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மலை இறங்குகிறார்கள். பஸ் மாறி, போளூர் வழியாகத் திருவண்ணாமலைக்குப் போகிறார்கள். குழந்தையைப் பார்த்த டாக்டர், “குரோமோசோம் டெஸ்ட் ஒண்ணு பண்ணிப் பார்த்துடலாம்” என்கிறார். ரத்தம் எடுத்து அனுப்புகிறார்கள். சில வாரங்கள் கழித்து ரிப்போர்ட் வருகிறது. ‘நார்மல்’.

வீட்டில் ஒரு நிம்மதிப் பெருமூச்சு. ஆனால் ஒரு வயதாகியும் குழந்தை உட்காரவில்லை. திடீரென்று வலிப்பு வருகிறது. “டெஸ்ட்ல ஒண்ணும் இல்லைன்னுதானே சொன்னாங்க, அப்புறம் ஏன் இப்படி?” என்ற கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை.

இந்தக் குடும்பம் கற்பனைதான். ஆனால் இப்படி ஒரு நிலைமை கற்பனை இல்லை. குரோமோசோமில் பிரச்சினை இருந்தும், ரத்தத்தில் அது தெரியாமலே போகும் குறைபாடுகள் உண்டு. அவற்றில் முக்கியமான ஒன்றுதான் பாலிஸ்டர்-கில்லியன் சிண்ட்ரோம். சுருக்கமாக பி.கே.எஸ்.

‘ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்று நாம் சொல்வோம். மருத்துவப் பரிசோதனைகளும் பெரும்பாலும் அந்த நம்பிக்கையில்தான் நடக்கின்றன. கொஞ்சம் ரத்தம் எடுத்துப் பார்த்தால் உடம்பு முழுவதும் எப்படி இருக்கிறது என்று தெரிந்துவிடும் என்பது கணக்கு. இந்தக் குழந்தைகளிடம் அந்தக் கணக்கு தப்பாகிவிடுகிறது. ஏன் என்று பார்ப்போம்.

‘மொசைக்’ என்றால் என்ன?

நம் வீட்டு மொசைக் தரையை நினைத்துப் பாருங்கள். ஒரே தரைதான். ஆனால் அதில் வெள்ளை, கறுப்பு, சிவப்பு என்று பல நிறச் சில்லுகள் கலந்திருக்கும். ஓர் இடத்தில் கறுப்புச் சில்லு அதிகம், இன்னோர் இடத்தில் ஒன்றுகூட இருக்காது.

மனித உடலிலும் இப்படி நடக்கலாம். நம் உடலின் ஒவ்வொரு செல்லிலும் பொதுவாக 46 குரோமோசோம்கள், அதாவது 23 ஜோடிகள் இருக்கும். பாதி அம்மாவிடமிருந்து, பாதி அப்பாவிடமிருந்து. நாம் எல்லோரும் ஒரே ஒரு செல்லில் இருந்து தொடங்கி, அது இரண்டாகி, நான்காகி, கோடிக்கணக்காகப் பெருகி வந்தவர்கள். அதனால் எல்லா செல்லிலும் ஒரே குரோமோசோம் கணக்கு இருக்க வேண்டும்.

சிலருக்கு அப்படி இருப்பதில்லை. சில செல்களில் 46, சில செல்களில் 47 என்று இரண்டு வகை செல்கள் ஒரே உடலில் கலந்திருக்கும். இதைத்தான் மருத்துவத்தில் ‘மொசைசிசம்’ என்கிறார்கள். தரையில் சில்லு கலந்திருப்பது போல உடம்பில் செல்கள் கலந்திருக்கின்றன, அவ்வளவுதான்.

நமக்குத் தெரிந்த டவுன் சிண்ட்ரோமிலேயே இது உண்டு. டவுன் சிண்ட்ரோம் உள்ள 100 பேரில் சுமார் இருவருக்கு மொசைக் வகை இருக்கிறது. பெண் குழந்தைகளுக்கு மட்டும் வரும் டர்னர் சிண்ட்ரோமிலும் மொசைக் வகை சகஜம். 8-ம் குரோமோசோம் கூடுதலாக இருக்கும் மொசைக் வகையில், உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் ஆழமான கோடுகள் விழுந்திருக்கும். பி.கே.எஸ். இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆனால் மற்றவற்றைவிடக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

12-ம் குரோமோசோமில் என்ன நடக்கிறது?

ஒவ்வொரு குரோமோசோமுக்கும் நடுவில் இடுப்பு மாதிரி ஓர் இடம் இருக்கும். அதற்கு மேலே ஒரு கை, கீழே ஒரு கை. ஒன்று குட்டை, ஒன்று நீளம். செல் பிரியும்போது குரோமோசோம் நீளவாக்கில் சரிபாதியாகப் பிளக்க வேண்டும். எப்போதாவது ஒருமுறை அது குறுக்கே பிளந்துவிடுகிறது. அப்போது இரண்டு குட்டைக் கைகள் மட்டும் ஒட்டிக்கொண்டு, கண்ணாடியில் பார்த்த பிம்பம் மாதிரி ஒரு புது குரோமோசோம் உருவாகிறது. இதற்கு ‘ஐசோகுரோமோசோம்’ என்று பெயர்.

பி.கே.எஸ். குழந்தைகளுக்கு 12-ம் குரோமோசோமில் இந்தத் தவறு நடக்கிறது. வழக்கமான இரண்டு 12-ம் குரோமோசோம்களோடு இந்தப் புது துண்டும் கூடுதலாக வந்து சேர்ந்துகொள்கிறது. அதனால் குட்டைக் கையில் இருக்கும் மரபணுக்கள் இரண்டு பிரதிக்குப் பதிலாக நான்கு பிரதிகள் ஆகிவிடுகின்றன. சமையலில் உப்பு இரண்டு மடங்கானால் என்ன ஆகும்? அதேபோல மூளை, தசை, முகம், தோல் எல்லாவற்றின் வளர்ச்சியும் தடம் மாறுகிறது.

இந்தத் தவறு பெரும்பாலும் கருமுட்டை உருவாகும் கட்டத்திலேயே நடந்துவிடுகிறது என்பது ஆய்வுகளின் முடிவு. கரு வளரும்போது சில செல்கள் அந்தக் கூடுதல் துண்டைத் தொலைத்துவிட்டு மறுபடி 46-க்குத் திரும்பிவிடுகின்றன. மற்ற செல்கள் 47 உடனேயே தொடர்கின்றன. இப்படித்தான் உடம்பு மொசைக் ஆகிறது.

ரத்தம் ஏன் ‘பொய்’ சொல்கிறது?

இங்கேதான் விஷயமே இருக்கிறது.

குரோமோசோம் டெஸ்ட் என்றால், ரத்தத்தில் இருக்கும் வெள்ளை அணுக்களை எடுத்து, லேபில் சுமார் மூன்று நாட்கள் வளர்ப்பார்கள். சிவப்பணுவில் குரோமோசோமே கிடையாது என்பதால் அது இதற்கு உதவாது. வெள்ளை அணுக்கள் பிரிந்துகொண்டிருக்கும்போது அவற்றை அப்படியே நிறுத்தி, மைக்ராஸ்கோப்பில் வைத்து குரோமோசோம்களை எண்ணுவார்கள். இதற்கு ‘கேரியோடைப்’ என்று பெயர்.

ரத்த செல்கள் வேகமாகப் பெருகுபவை. அந்த ஓட்டப்பந்தயத்தில் கூடுதல் குரோமோசோமைச் சுமக்கும் செல்கள் பின்தங்கிவிடுகின்றன. நார்மல் செல்கள் முந்திக்கொண்டு இடத்தைப் பிடித்துவிடுகின்றன. குழந்தைக்கு வயது ஏற ஏற ரத்தத்தில் அந்த செல்கள் இன்னும் குறைகின்றன. கடைசியில் ரத்தத்தில் ஒன்றுகூட மிஞ்சாமல் போகலாம். லேபில் வளர்க்கும்போதும் இதே பந்தயம் மறுபடி நடக்கிறது.

தோல் அப்படி இல்லை. தோலின் உள்ளடுக்கில் இருக்கும் ‘ஃபைப்ரோபிளாஸ்ட்’ செல்கள் நிதானமானவை. கூடுதல் குரோமோசோமை அவை விடாமல் வைத்திருக்கின்றன. ஒரே குழந்தையின் ரத்தத்தில் பூஜ்யமும், தோலில் பாதிக்கு மேலும் பாதிக்கப்பட்ட செல்கள் இருப்பது பி.கே.எஸ்.ஸில் சாதாரணம்.

ஆக, ரத்த ரிப்போர்ட் தவறு இல்லை. ரத்தம் நார்மல் என்று அது சொன்னது உண்மை. குழந்தை நார்மல் என்று நாம் புரிந்துகொண்டதுதான் தவறு.

20 செல் போதுமா? ஒரு சின்னக் கணக்கு

வழக்கமான கேரியோடைப் பரிசோதனையில் சுமார் 20 செல்களை எண்ணுவார்கள். எல்லா செல்லிலும் ஒரே மாதிரி பிரச்சினை இருக்கும் குழந்தைக்கு இது தாராளம். மொசைக் குழந்தைக்கு?

ரத்தத்தில் பத்தில் ஒரு செல் பாதிக்கப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 20 செல்களை மட்டும் பார்த்தால், பாதிக்கப்பட்ட செல் ஒன்றுகூட கண்ணில் படாமல் போக சுமார் 12 சதவீதம் வாய்ப்பு இருக்கிறது. இருபதில் ஒரு செல்தான் பாதிப்பு என்றால், தவறவிடும் வாய்ப்பு சுமார் 36 சதவீதம். அதாவது மூன்றில் ஒரு முறைக்கும் மேல்.

50 செல்கள் எண்ணினால்? பத்தில் ஒன்று பாதிப்பு என்ற நிலையில் தவறவிடும் வாய்ப்பு அரை சதவீதமாகக் குறைந்துவிடுகிறது. அதனால்தான் “மொசைக் சந்தேகம்” என்று டாக்டர் சீட்டில் எழுதிவிட்டால் லேப் கூடுதல் செல்களை எண்ணும். அந்த ஒரு வார்த்தை சீட்டில் இருக்கிறதா என்பதே பெரிய வித்தியாசம்.

ஆனால் ரத்தத்தில் பாதிக்கப்பட்ட செல் அடியோடு இல்லை என்றால், ஆயிரம் செல் எண்ணினாலும் பிரயோஜனமில்லை. எண்ணிக்கையைக் கூட்டுவதைவிட, பார்க்கும் இடத்தை மாற்ற வேண்டும்.

1977: இரண்டு மலைகள், இரண்டு கண்டுபிடிப்புகள்

இந்த நோயைக் கண்டுபிடித்தவர் பெரிய நகரத்து மருத்துவர் இல்லை. அமெரிக்காவின் மான்டானா மாநிலத்தில், மலைகளுக்கு நடுவே இருக்கும் போல்டர் என்ற சிற்றூரில், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களைப் பராமரிக்கும் அரசு இல்லத்தில் பணியாற்றிய டாக்டர் ஃபிலிப் பாலிஸ்டர். அங்கிருந்த 37 வயது ஆண் ஒருவருக்கும் 19 வயதுப் பெண் ஒருவருக்கும் ஒரே மாதிரி முகஜாடை, ஒரே மாதிரி பிரச்சினைகள் இருப்பதை அவரும் உடன் பணியாற்றியவர்களும் கவனித்தார்கள். 1977-ல் அதை மருத்துவ உலகுக்கு எழுதினார்கள். 1981-ல் ஆஸ்திரியாவில் மரியா டெஷ்லர்-நிகோலா, வுல்ஃப்காங் கில்லியன் இருவரும் மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்றைப் பற்றி எழுதினார்கள். பெரியவர்களிடம் பார்த்ததும் குழந்தையிடம் பார்த்ததும் ஒரே நோய்தான் என்பது அதற்குப் பிறகே புரிந்தது. பெயரும் இரட்டைப் பெயரானது.

அதே 1977-ல் நம் ஜவ்வாது மலையிலும் ஒரு சம்பவம் நடந்தது. மார்ச் 10-ம் தேதி, காவலூர் வானாய்வகத்தின் ஒரு மீட்டர் தொலைநோக்கி யுரேனஸ் கோள் ஒரு நட்சத்திரத்தை மறைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தது. நட்சத்திரத்தின் ஒளி ஒரு கணம் மங்கியது. யுரேனஸுக்கு ஒரு புதிய துணைக்கோள் இருக்கலாம் என்று காவலூர் விஞ்ஞானிகள் ஜே.சி.பட்டாச்சார்யாவும் கே.குப்புசாமியும் எழுதினார்கள். அதே நேரத்தில் விமானத்தில் பறந்தபடி பார்த்த அமெரிக்கக் குழுவுக்கோ, கோளின் இரு பக்கமும் ஒளி பலமுறை மங்குவது தெரிந்தது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தபோதுதான், அது துணைக்கோள் அல்ல, யுரேனஸைச் சுற்றியிருக்கும் வளையங்கள் என்பது உறுதியானது.

காவலூரில் பதிவானதும் உண்மையான தரவுதான். ஆனால் ஓர் இடத்திலிருந்து கிடைத்த ஒரு பதிவை மட்டும் வைத்து முழுப் படத்தையும் சொல்லிவிட முடியவில்லை. ஒரு ரத்த சாம்பிள் விஷயமும் இதேதான்.

என்னென்ன அறிகுறிகள்?

பி.கே.எஸ். மிக அரிது. உலக மருத்துவ இதழ்களில் சில நூறு பேர்தான் பதிவாகியிருக்கிறார்கள். ரத்தத்தில் தெரியாததாலேயே பலர் கணக்கில் வராமல் போயிருக்கலாம் என்று மருத்துவர்கள் கருதுகிறார்கள். கவனிக்க வேண்டியவை இவை:

* பிறந்ததிலிருந்தே உடம்பு தொய்வாக இருப்பது, பால் குடிக்கச் சிரமப்படுவது.

* நெற்றிப்பொட்டின் இரு பக்கமும் முடி இல்லாமல் இருப்பது. புருவமும் மெல்லியதாக இருக்கலாம். சில வருடங்களில் முடி வளர்ந்துவிடும் என்பதால், வளர்ந்த குழந்தையிடம் இந்த அடையாளம் மறைந்துபோகும். சின்ன வயது போட்டோ இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

* உயர்ந்த நெற்றி, தள்ளித் தள்ளி இருக்கும் கண்கள், தட்டையான மூக்குத்தண்டு.

* தோலில் வெளிறிய அல்லது கறுத்த பட்டைகள், சுழிகள். உடம்பில் இரண்டு வகை செல்கள் இருப்பதன் நேரடி அடையாளம் இது. சில குழந்தைகளுக்குக் கூடுதல் மார்புக்காம்பும் இருக்கும்.

* வலிப்பு, காது கேளாமை, பார்வைக் குறைபாடு. சிலருக்கு இதயத்தில் கோளாறு. சிலருக்கு வயிற்றையும் நெஞ்சையும் பிரிக்கும் உதரவிதானத்தில் ஓட்டை. இந்த ஓட்டை பிறந்த உடனே உயிருக்கு ஆபத்தாகலாம்.

* உட்கார, நடக்க, பேசத் தாமதமாவது. பெரும்பாலானோருக்கு அறிவுசார் குறைபாடு கடுமையாக இருக்கும். லேசான பாதிப்போடு இருப்பவர்களும் உண்டு.

எல்லா அறிகுறியும் எல்லாக் குழந்தைக்கும் வராது. எந்த உறுப்பில் எத்தனை செல்கள் பாதிக்கப்பட்டிருக்கின்றன என்பது குழந்தைக்குக் குழந்தை மாறுகிறது. தோல் பரிசோதனையில் வரும் சதவீதத்தை வைத்து, குழந்தை எப்படி வளரும் என்று ஜோசியம் சொல்லவும் முடியாது.

“கிரகணத்துல வெளிய போனியா?” - யார் மேல் தப்பு?

இப்படி ஒரு குழந்தை பிறந்தால் முதல் கேள்வி அம்மாவை நோக்கித்தான் வரும். “ஏம்மா, மாசமா இருந்தப்போ கிரகணத்தன்னைக்கு வெளிய கிளிய போனியா?”, “எதைச் சாப்பிட்டே?”, “எதைப் பார்த்துப் பயந்தே?” மலைக் கிராமத்தில் மட்டும் இல்லை, சென்னை அபார்ட்மென்ட்டிலும் இதே கேள்விகள்தான்.

வானத்தை இரவெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும் தொலைநோக்கிகள் நிற்கும் மலை இது. 1986-ல் திறக்கப்பட்ட 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி இங்கேதான் இருக்கிறது. கிரகணம் என்பது நிழல். நிழலால் குரோமோசோம் உடையாது.

அம்மா சாப்பிட்டது, செய்தது, பார்த்தது எதுவும் பி.கே.எஸ்.ஸுக்குக் காரணம் இல்லை. கருமுட்டையில் தவறு நடந்தது என்றால் அம்மாவின் தவறு என்று அர்த்தமும் இல்லை. கருமுட்டை, விந்தணு உருவாகும்போது குரோமோசோம் பிரிவதில் பிசகுவது எல்லா மனிதரிடமும் நடக்கும் இயற்கைத் தற்செயல். அதைத் தடுக்க யாராலும் எதுவும் செய்திருக்க முடியாது.

“சொந்தத்துல கட்டினதாலதான்” என்பது அடுத்த பேச்சு. இதில் ஒரு வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். நெருங்கிய உறவில் திருமணம் செய்தால் சில பரம்பரை நோய்களுக்கான வாய்ப்பு கூடும் என்பது உண்மைதான். இருவரிடமும் ஒரே மரபணுக் குறை மறைந்திருந்து, அது குழந்தையிடம் ஒன்று சேர்வதால் வருபவை அவை. பி.கே.எஸ். அந்த வகை இல்லை. பெற்றோர் இருவரின் குரோமோசோம்களும் பொதுவாக நார்மலாகவே இருக்கும். குறை புதிதாக உருவாகிறது. சொந்தத்தில் கட்டியிருந்தாலும் அசலில் கட்டியிருந்தாலும் இந்த வாய்ப்பு ஒன்றுதான்.

அதனால் அடுத்த குழந்தைக்கும் இதே பிரச்சினை வரும் வாய்ப்பு மிகமிகக் குறைவு. நோயின் பெயர் தெரியாததால் இன்னொரு குழந்தைக்கே பயப்படும் தம்பதிகளுக்கு, இந்தத் தகவல் எவ்வளவு பெரியது என்று யோசித்துப் பாருங்கள்.

கர்ப்பத்திலேயே தெரியாதா?

சில சமயம் தெரியும். ஸ்கேனில் உதரவிதான ஓட்டை, கருப்பையில் நீர் அதிகமாக இருப்பது, கை கால் குட்டையாக இருப்பது போன்றவை தெரிந்தால், பனிக்குட நீரை எடுத்துப் பரிசோதிப்பார்கள்.

இங்கேயும் மொசைக் தன் வேலையைக் காட்டும். இப்போது பிரபலமாகிவரும் என்.ஐ.பி.டி. பரிசோதனை அம்மாவின் ரத்தத்தில்தான் எடுக்கப்படுகிறது. அதில் பார்ப்பது பெரும்பாலும் நஞ்சுக்கொடியிலிருந்து வரும் டி.என்.ஏ. சில சமயம் நஞ்சுக்கொடியில் மட்டும் கோளாறு இருந்து, குழந்தை நன்றாக இருக்கும். தலைகீழாகவும் நடக்கலாம். அதனால் என்.ஐ.பி.டி. ரிசல்ட்டை மட்டும் வைத்து எந்த முடிவும் எடுக்கக் கூடாது. பனிக்குட நீர்ப் பரிசோதனையில் உறுதிசெய்ய வேண்டும்.

ரத்தத்தில் தெரியாவிட்டால் அடுத்து என்ன டெஸ்ட்?

முதல் வழி, கன்னத்தின் உட்புறத்தை பஞ்சுக் குச்சியால் தேய்த்து எடுப்பது. ஊசி இல்லை, வலி இல்லை. அந்த செல்களில் ‘ஃபிஷ்’ என்ற பரிசோதனை செய்வார்கள். 12-ம் குரோமோசோமின் குட்டைக் கையில் மட்டும் ஒட்டும் ஒளிரும் சாயத்தைப் போட்டு, செல்லில் எத்தனை புள்ளிகள் மின்னுகின்றன என்று எண்ணுவார்கள். இரண்டு இருந்தால் நார்மல், நான்கு இருந்தால் பி.கே.எஸ். செல்.

இரண்டாவது வழி, தோல் பயாப்ஸி. மரத்துப்போக ஊசி போட்டு, மூன்று நான்கு மில்லிமீட்டர் அளவில் தோலை எடுப்பார்கள். அதை லேபில் வளர்த்து குரோமோசோம் பார்க்க சில வாரங்கள் ஆகும்.

இதில் ஒரு எச்சரிக்கை. வழக்கமாக பயாப்ஸி சதையை ஃபார்மலினில் போட்டு அனுப்புவார்கள். குரோமோசோம் டெஸ்டுக்கு அப்படிச் செய்தால் கதை முடிந்தது. செல் செத்துவிடும், வளர்க்கவே முடியாது. கிருமி இல்லாத வளர்ப்புத் திரவத்தில் போட்டு, உறைய விடாமல், சீக்கிரம் லேபுக்குப் போய்ச் சேர வேண்டும். மலையிலிருந்து வரும் குடும்பம் இன்னொரு முறை அலையாமல் இருக்க, சாம்பிள் எடுக்கும் முன்பே லேபிடம் பேசிவிடுவது நல்லது.

மூன்றாவது, ‘மைக்ரோஅரே’. செல்லை வளர்க்காமல் நேரடியாக டி.என்.ஏ.வைப் பார்ப்பதால், வளர்ப்பின்போது பாதிக்கப்பட்ட செல் காணாமல் போகும் பிரச்சினை இதில் இல்லை. ஆனால் பாதிக்கப்பட்ட செல்கள் மிகக் குறைவாக இருந்தால் இதுவும் தவறவிடும்.

மலையிலிருந்து எங்கே போவது?

ஜவ்வாது மலை திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரவிக் கிடக்கிறது. இங்கே வாழ்பவர்களில் பெரும்பாலோர் மலையாளி பழங்குடியினர். சாமை விதைத்தும், பலா, புளி, தேன் விற்றும் பிழைப்பவர்களுக்கு, ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போவது என்றால் ஒருநாள் கூலியும் போச்சு, பஸ் செலவும் ஆச்சு. ‘நார்மல்’ என்று ஒரு ரிப்போர்ட் வந்த பிறகு, மறுபடி மலை இறங்கச் சொன்னால் யார் வருவார்கள்? ஒரு சாம்பிளில் முடிந்துவிட்டது என்று நினைப்பதன் விலையை நகரத்துக்காரர்களைவிட இவர்கள்தான் அதிகம் கொடுக்க வேண்டியிருக்கிறது.

முதல் படி, ஆரம்ப சுகாதார நிலையம் அல்லது அங்கன்வாடி. 2013-ல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தில், பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை இலவசமாகப் பரிசோதிக்க மருத்துவக் குழு உண்டு. பிறவிக் குறைபாடு, வளர்ச்சித் தாமதம் இரண்டும் அவர்கள் பார்க்க வேண்டிய பட்டியலில் இருக்கின்றன. அங்கிருந்து மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்துக்கு அனுப்புவார்கள். பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி, காது பரிசோதனை அங்கே கிடைக்கும்.

குரோமோசோம் பரிசோதனைக்கு, மலைக்குப் பக்கத்தில் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் குரோமோசோம் ஆய்வுப் பிரிவு இருக்கிறது. சென்னையில் எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை, மத்திய அரசின் அரிய நோய்களுக்கான சிறப்பு மையங்களில் ஒன்று.

2021-ம் ஆண்டு தேசிய அரிய நோய்கள் கொள்கையின்படி, சிறப்பு மையங்களில் சிகிச்சைக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. ஆனால் இது குறிப்பிட்ட சிகிச்சை இருக்கும் நோய்களுக்கானது. பி.கே.எஸ்.ஸைக் குணப்படுத்தும் மருந்து எதுவும் இல்லை.

மருந்தே இல்லை, பெயர் தெரிந்து என்ன ஆகப் போகிறது?

நியாயமான கேள்வி. மூன்று பதில்கள் இருக்கின்றன.

ஒன்று, எதைக் கண்காணிக்க வேண்டும் என்று தெரியும். காது கேட்காத குழந்தை பேசவில்லை என்றால், அதை ‘மூளை வளர்ச்சி இல்லை’ என்று விட்டுவிடுவோம். பி.கே.எஸ். என்று தெரிந்தால் காதை முதலிலேயே டெஸ்ட் செய்து கருவி மாட்டலாம். வலிப்பை அடையாளம் கண்டு மாத்திரை தொடங்கலாம். இதயத்துக்கு ஓர் எக்கோ எடுத்துப் பார்க்கலாம்.

இரண்டு, வீண் அலைச்சலும் செலவும் நிற்கும். ஒவ்வொரு ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கி, ஒரே டெஸ்ட்டைத் திரும்பத் திரும்ப எடுக்க வேண்டியதில்லை. ‘குணப்படுத்துகிறேன்’ என்று பணம் பறிப்பவர்களிடம் மாட்டிக்கொள்ளும் ஆபத்தும் குறையும்.

மூன்று, அம்மா மேல் விழுந்த பழி நீங்கும்.

அதே சமயம், பெயர் தெரியும் வரை எதற்கும் காத்திருக்க வேண்டாம். பிசியோதெரபிக்கு நோயின் பெயர் தேவையில்லை. மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் தேவையில்லை. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் இருக்கின்றன. அறிவுசார் குறைபாடும், ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடும் அதில் உண்டு. குழந்தையால் என்ன செய்ய முடிகிறது, எது முடியவில்லை என்பதை வைத்துத்தான் சான்று தருவார்கள். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு தமிழக அரசின் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய். தேசிய அறக்கட்டளையின் ‘நிரமயா’ திட்டத்தில் ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடும் பெறலாம்.

டாக்டரிடம் என்ன கேட்கலாம்?

குழந்தையின் வளர்ச்சியில் சந்தேகம் இருந்து, ரத்த ரிப்போர்ட் மட்டும் நார்மல் என்று வந்தால், தயங்காமல் இவற்றைக் கேளுங்கள்:

* “எத்தனை செல் எண்ணியிருக்காங்க சார்? மொசைக் இருக்குமான்னு பார்த்திருக்காங்களா?”

* “கன்னத்துல தேய்ச்சோ, தோல்ல எடுத்தோ டெஸ்ட் பண்ணிப் பார்க்கலாமா?”

* “டெஸ்ட் வர்றதுக்குள்ள பிசியோதெரபி ஆரம்பிச்சிடலாமா? காது, கண், இதயம் பார்த்துடலாமா?”

* “அடுத்த குழந்தைக்கு வருமா? அதை எழுதித் தர முடியுமா?”

கடைசிக் கேள்வி முக்கியம். ‘இது பரம்பரையாக வந்தது அல்ல, பெற்றோர் இருவருமே காரணம் அல்ல’ என்று டாக்டர் கையெழுத்தில் ஒரு வரி வாங்கிக்கொள்ளுங்கள். பழைய ரிப்போர்ட்டுகள் எல்லாவற்றோடும் அதையும் ஒரே ஃபைலில் பத்திரமாக வையுங்கள். அடுத்த ஆஸ்பத்திரியிலும் அது தேவைப்படும். வீட்டில் அந்தப் பேச்சு மறுபடி எழும்போதும் தேவைப்படும்.